உடல் அளவும் கால்களின் இயக்கவியலும்

ஒரே வடிவமுள்ள இரு விலங்குகளில் ஒன்று மற்றதைவிட இருமடங்கு நீளமும் உயரமும் அகலமும் உடையதானால், அதன் எடை எட்டு மடங்காகும். அந்த எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான். ஆகவே எலும்பில் ஏற்படும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பின் மேல் விழும் விசை, இரட்டிக்கிறது. நிலத்தில் நடக்கும் விலங்குகளுக்கெல்லாம் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுவே.

இதை முதலில் தெளிவாக எழுதியவர் கலிலியோ. திருச்சபை விசாரணை மன்றத்தின் 1633ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் வீட்டுக்காவலில் இருந்தபோது அவர் எழுதி முடித்த ‘இரு புதிய அறிவியல்கள்’, 1638இல் லைடன் நகரில் அச்சாயிற்று. சால்வியாத்தி, சாக்ரேதோ, சிம்ப்ளிசியோ என்னும் மூவரின் உரையாடலாக அமைந்த அந்நூலின் இரண்டாம் நாள் பகுதியில், மெலிந்த எலும்பொன்றும் அதைப்போல் மூன்று மடங்கு நீண்ட பருத்த எலும்பொன்றும் அருகருகே வரையப்பட்டுள்ளன. கணக்குப்படி ஐந்து மடங்கைவிடச் சற்றே கூடுதலாகத் தடித்தால் போதும்; படத்தில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு தடித்திருக்கிறது. வாதம் இதனால் பழுதுபடவில்லை. சிறு நாய் தன்னளவுள்ள இரண்டு மூன்று நாய்களைச் சுமக்கக்கூடும், குதிரையோ இன்னொரு குதிரையைச் சுமக்காது என்பது அவர் தந்த சான்று. நீர்வாழ்வன பெரிதாக வளர்வதற்கு, அவற்றின் எடையை நீரே தாங்குவதைக் காரணமாகச் சொன்னார்.

ஆனால் 1979இல் ஆர். மெக்நீல் அலெக்சாண்டர் குழுவினர் மூஞ்சூறு முதல் யானைவரை கால் எலும்புகளை அளந்தபோது, பெரிய விலங்குகளின் எலும்புகள் எதிர்பார்த்த அளவுக்குத் தடித்திருக்கவில்லை. எடையால் வளையும் அளவு எல்லா உடலளவிலும் ஒத்திருக்குமாறு எலும்பு தடிக்கும் என்று 1973இல் தாமஸ் மக்மஹோன் முன்வைத்த மீள்தன்மை ஒப்புமைக் கொள்கையும் மாட்டினத்துக்குப் பொருந்தியதே தவிர, பொதுவிதியாக நிற்கவில்லை.

அப்படியானால் பெரிய விலங்குகளின் எலும்புகள் முறியாமல் தாங்குவது எப்படி? விடை, கால்கள் நிற்கும் நிலையில் இருக்கிறது என்று 1989இல் ஆண்ட்ரூ பீவெனர் நிறுவினார். சுண்டெலி முழங்காலையும் முழங்கையையும் மடக்கிப் பதுங்கியே ஓடும். குதிரையின் கால் ஏறக்குறைய நேராக நிற்பதால், தரை திருப்பித் தள்ளும் விசை மூட்டுகளை ஒட்டியே செல்கிறது. தசை குறைந்த விசையில் வேலையை முடிக்கிறது. நெம்புகோல் தத்துவம்தான். இதனால் சிறிதோ பெரிதோ, ஓடும்போது எலும்பில் ஏற்படும் உச்சத் தகைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. நிமிர்ந்த காலுக்கு விலையும் உண்டு: சட்டென்று திரும்புவதும் பாய்வதும் கடினம். சுமார் 300 கிலோவுக்கு மேல் காலை இன்னும் நிமிர்த்த இடமில்லாததால், எலும்பு தடித்தே ஆக வேண்டும்.

உடல் பெருக்கப் பெருக்கக் கால் நிமிரும் என்னும் இவ்விதி பறவைகளிலும் பல்லிகளிலும் இதே அளவில் செயல்படுவதில்லை.  300 கிலோவை வெகுவாகத் தாண்டிய விலங்குகளுக்கு யானையை எடுத்துக்கொள்வோம்: தாய்லாந்தில் படம்பிடித்து ஆராயப்பட்ட ஆசிய யானைகள் மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டின. அப்போதும் அவற்றின் ஒரு காலாவது தரையில் இருந்தது.