பெண்கள் கட்சி

எங்கள் வீட்டு அகராதியில் "பார்ப்போம்" என்ற சொல்லுக்கு "முடியாது" என்று பொருள். ஒவ்வொரு மார்கழியிலும் என் மனைவி, "ஏங்க, இந்த வருஷமாவது திருவையாற்றுக்குப் போய் வரலாமா?" என்று கேட்பாள். நானும், "பார்ப்போம்" என்பேன். அந்த வருஷத்துத் தியாகராஜ ஆராதனை எங்கள் வீட்டைப் பொறுத்தவரையில் அத்துடன் முடிந்துவிடும்.

கர்நாடக சங்கீதத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. தூரத்து உறவினரிடம் காட்டும் மரியாதையை அதனிடம் காட்டி வந்தேன். எதிரே கண்டால் கும்பிடுவது, காணாவிட்டால் தேடாமல் இருப்பது. என் காது சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. 1985-ல் வெளியான 'சிந்து பைரவி' படத்தில் வரும் 'மரி மரி நின்னே' பாட்டை ஒரு நாள் நான் மெய்ம்மறந்து முணுமுணுத்துக் கொண்டிருந்தேன். "அது தியாகராஜ கிருதி. முதலில் காம்போதி. படத்துக்காக இளையராஜா சாரமதியில் போட்டார்" என்றாள் மனைவி. அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருப்பது பற்றி நான் ஆச்சரியப்படவில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் எட்டு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய நட்சத்திரம் எனக்குத் தெரிந்திருப்பதைப் போல, அதுவும் தெரியும். அவ்வளவுதான்.

பதினெட்டு மார்கழிகள் இப்படிப் போயின. பத்தொன்பதாவது மார்கழியில் அவள் கேட்கவில்லை. மாதம் முடிந்து பொங்கலும் வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்டபோதெல்லாம் தட்டிக் கழித்த நான், கேட்காமல் இருந்தபோது பயந்து போனேன். அன்றைக்கே போய் இரண்டு ரயில் டிக்கெட் வாங்கி வந்தேன்.

தஞ்சாவூரில் இறங்கி ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் பஸ் ஏறினோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் எண்ணிக் கொண்டே வந்தாள் மனைவி. எனக்கோ, இன்னும் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பதுதான் கணக்கு.

காவிரிக் கரையில் தியாகராஜரின் சமாதி. 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமியன்று, அவர் சித்தியடைந்தார். அதற்குச் சற்று முன்பு சந்நியாசம் வாங்கிக் கொண்டதால் அவரைத் தகனம் செய்யாமல் சமாதி வைத்தார்கள். அந்தத் திதியில்தான் ஆண்டுதோறும் ஆராதனை. பனி இன்னும் விலகாத பந்தலில் நாதஸ்வரம் முழங்கிக் கொண்டிருந்தது. சந்நிதிக்கு முன்னால் பாடகர்கள் ஒரு பக்கமும் பாடகிகள் எதிர்ப் பக்கமுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாடகிகளின் வரிசைக்குப் பின்னால் கிடைத்த இரண்டடி இடத்தில் மனைவி போய் ஒண்டிக்கொண்டாள். நான் சாய்ந்துகொள்ளத் தோதாக ஒரு பந்தல் காலைப் பிடித்தேன்.

பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஆரம்பமாயின. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள்; ஐந்தும் ஆதி தாளம். முதலாவது சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. எனக்கு இரண்டு பாஷையும் தெரியாது. நாட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கௌளையில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆரபியில் கண் சொருகியது. கண் விழித்தபோது வராளி நடந்து கொண்டிருந்தது.

வராளியைப் பற்றி வித்வான்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அதை நேருக்கு நேர் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் மனஸ்தாபம் வந்துவிடுமாம். அதனால் என் மனைவியின் வாத்தியாரும் அவளுக்கு வராளியைச் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு அவளே பாடம் பண்ணியது அது. அக்கம்பக்கத்தில் பலர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாடிக்கொண்டிருக்க, அவள் வெறுங்கையுடன், தொடையில் தாளம் போட்டபடி பாடிக்கொண்டிருந்தாள். அத்தனை குரல்களுக்கு நடுவே அவள் குரல் மட்டும் தனியாக எனக்குக் கேட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும். கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்திராத முகம் அது.

பாட்டு முடிந்து கூட்டம் கலைந்ததும் சமாதியைச் சுற்றி வந்தோம். தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி கைகூப்பி அமர்ந்திருக்கும் ஓர் அம்மாளின் சிலைக்கு முன்னால் மனைவி நின்றாள். நின்றவள் நமஸ்காரமும் செய்தாள்.

"யார் இந்த அம்மாள்?" என்று கேட்டேன்.

"பெங்களூர் நாகரத்தினம்மாள். இவங்க இல்லேன்னா இன்னிக்கு நான் அங்கே உட்கார்ந்து பாடியிருக்க முடியாது."

ஊர் திரும்பிய பிறகு அந்த அம்மாளின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

1878-ல் மைசூர் ராஜ்யத்தில், தேவதாசி குலத்தில் பிறந்தவர். சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தேர்ந்தவர். சென்னைக்கு வந்து சங்கீதத்தில் பெயரும் பொருளும் சம்பாதித்தார். தஞ்சை அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்ற பெண் கவி எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற தெலுங்குக் காவியத்தை 1910-ல் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லிப் பிரிட்டிஷ் அரசாங்கம் அதைத் தடை செய்தது. 1947 வரை அந்தத் தடை நீங்கவில்லை. ஒரு பெண்ணின் எழுத்து மறைந்து போகக் கூடாது என்று முதலில் வழக்காடியவர்தான், பிறகு பெண்களின் பாட்டுக்காகவும் வழக்காடினார்.

தியாகராஜர் காலமான பிறகு அவருடைய சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1903-ல் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைப் பழுது பார்த்தார்கள். அதன் பின் ஆராதனை சங்கீத விழாவாக வளர்ந்தது. வளர்ந்த வேகத்திலேயே இரண்டாகவும் பிளந்தது. ஒன்று பெரிய கட்சி, மற்றொன்று சின்ன கட்சி. எதிலும் ஒத்துப் போகாத இரண்டு கட்சிகளும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டிருந்தன: சந்நிதியில் பெண்கள் பாடக் கூடாது.

இதற்கிடையே, சமாதி மறுபடியும் சீரழிந்து கிடப்பதாக 1921-ல் நாகரத்தினம்மாளுக்கு அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா கடிதம் எழுதினார். அந்த ஆண்டே அஸ்திவாரம் போடப்பட்டது. சொந்தப் பணத்தைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பி, தியாகராஜர் சிலையையும் பிரதிஷ்டை செய்து, 1926 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடத்தினார் அந்த அம்மாள். கோயில் கட்டியவருக்கே அந்தக் கோயிலில் பாட இடமில்லை! அவர் சண்டை போட்டுக் கொண்டு ஊருக்குத் திரும்பிவிடவில்லை. தம் குலத்துப் பெண்களைத் திரட்டி மூன்றாவதாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். ஊர் அதற்குப் 'பெண்கள் கட்சி' என்று பெயர் வைத்தது.

1941-ஆம் ஆண்டுக்குள் மூன்று கட்சிகளும் சமரசமாகி ஒன்று சேர்ந்தன; பெண்களும் பாடலாம் என்று ஆயிற்று. எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும் வழக்கமும் அந்தச் சமரசத்தை ஒட்டி உருவானதுதான். கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்த நாகரத்தினம்மாள், பெண்களின் பாடும் உரிமையைத் தம் உயிலிலும் எழுதி வைத்துவிட்டு, 1952-ல் காலமானார்.

இதைப் படித்ததும் அந்தக் காலத்துப் பாகவதர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர்களைக் காய்ச்சி ஒரு கட்டுரை எழுதுவது என்று தீர்மானித்து, மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் மேஜைக்கு முன் உட்கார்ந்தேன். வீடு நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தம் எப்படி வந்தது என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கல்யாணமான புதிதில் மனைவி காலை ஐந்து மணிக்கு எழுந்து சாதகம் செய்வாள். நானும் அந்த நேரத்தில்தான் எழுதுவேன். ஒரு நாள், "எழுதுகிற சமயத்தில் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று சொன்னேன். பிரியமாகத்தான் சொன்னேன். பாடாதே என்று சொல்லவே இல்லை. மறுநாளிலிருந்து அவள் பாடவில்லை. பிறகு பிள்ளைகள், பள்ளிக்கூடம், சமையல். நானும் அதற்குப் பிறகு எத்தனையோ நாவல்களை அந்த நிசப்தத்தில் எழுதி முடித்தேன்.

பாகவதர்களும் கெட்டவர்கள் அல்லர். தியாகராஜரிடம் பக்தி உள்ளவர்கள். சந்நிதியின் சுத்தம் கெடக் கூடாது என்று நினைத்தவர்கள். என் மேஜையை நானும் ஒரு சந்நிதியாகத்தான் நினைத்திருந்தேன்.

அன்று ஒரு வரியும் எழுதவில்லை. சமையலறைக்குப் போய், "உன் பாட்டு நோட்டு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"பரண் மேலே பெட்டியில் கிடக்கும். பார்ப்போம்" என்றாள். எங்கள் வீட்டு அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது அவளுக்கும் தெரியும். நான் ஏணியைப் போட்டு நானே ஏறினேன். நோட்டின் ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. எழுத்துகள் அப்படியே இருந்தன.

ஒரு மாதம் அதை அவள் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் விடியற்காலையில், மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். இப்போது கௌளை வரைக்கும் வந்திருக்கிறாள். மூச்சுப் பிடிக்கவில்லை, பழைய குரல் இல்லை என்று குறைப்படுகிறாள். பழைய குரல் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கர்நாடக சங்கீதம் இன்னும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஆரபியில் இன்றைக்கும் தூக்கம் வருகிறது. ஆனால் நான் இப்போது பெண்கள் கட்சி. விடியற்காலையை அவளுக்கு விட்டுவிட்டு இரவில் எழுதப் பழகிக் கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையும் இரவில் எழுதியதுதான். குறை தென்பட்டால் வாசகர்கள் பழியை அந்த நேரத்தின் மேல் போட்டுக்கொள்ளலாம். பாட்டின் மேல் மட்டும் போட வேண்டாம்.