வெயில் சும்மாதானே வருது, ஏன் ஓஃப் பண்ணச் சொன்னாங்க?



2025 புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் தலைப்பு. அந்த ஏப்ரலில் 13ஆம் திகதி முதல் 21 வரை, பகல் 3 மணி வரைக்கும் கூரை சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டிருந்தது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் முப்பது வருட வரலாறு இருக்கிறது.

நம் நாட்டில் சோலார் முதலில் பரவியது வசதியான வீடுகளில் அல்ல. 1990களின் நடுப்பகுதியில் நாட்டின் ஏறக்குறைய பாதி வீடுகளில் கரண்ட் இல்லை. பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். 1997இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டத்தில், லைன் போகாத கிராமங்களுக்குச் சிறிய சோலார் தொகுதிகள் கடனுக்குக் கிடைத்தன. ஒரு தகடு, ஒரு பற்றரி, சில பல்புகள், முடிந்தால் ஒரு கறுப்பு வெள்ளை டீவி. சர்வோதயத்தின் சீட்ஸ் நிறுவனம் கடன் கொடுப்பதில் முன்னால் நின்றது. 2002இல் அடுத்த கட்டம் வந்தது. 2011 ஆகும்போது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி வெளிச்சம் கண்டன.

பிறகு அந்தக் கிராமங்களுக்கும் லைன் வந்தது. தகடு கழற்றப்பட்டது, பற்றரி மூலையில் கிடந்தது.

இரண்டாவது முறை சோலார் வந்தது லைன் உள்ள வீடுகளுக்கு. 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியது. மிஞ்சும் ஒவ்வொரு யுனிட்டுக்கும் முதல் 7 வருடம் 22 ரூபாய், அதன் பிறகு 15.50 ரூபாய் என்றார்கள். கூரைகள் நிறைந்தன. இன்று கூரை சோலார் மட்டுமே ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இங்கேதான் மாணவனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. முதல் முறை பற்றரி இருந்தது, லைன் இல்லை. இரண்டாவது முறை லைன் இருந்தது, பற்றரி இல்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது, பற்றரி இல்லாத சோலார் வீடுகளும் நம்மோடு இருட்டில்தான் இருந்தன. லைன் நின்றால் அந்தத் தொகுதியும் தானாக நின்றுவிடும்.

லைனில் உற்பத்தியும் பாவனையும் எந்த நேரமும் சமமாக இருக்க வேண்டும். விடுமுறைப் பகலில் தொழிற்சாலையும் கந்தோரும் மூடியிருக்க, வெயில் மட்டும் குறையாது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதும் நாடே இருண்டது. பாவனை குறைந்து சோலார் கூடியிருந்த நேரம் என்பதால் லைனால் அந்த அடியைத் தாங்க முடியவில்லை. ஏப்ரல் கோரிக்கை அந்தப் பயத்தில் வந்தது. குற்றம் வெயிலில் இல்லை. சேமிக்க வழி செய்யாமல் தகட்டை மட்டும் கூட்டியதில் இருக்கிறது.

இந்திய நன்கொடையில் 5,000 வணக்கஸ்தலங்களுக்குத் தலா 5 கிலோவாட் சோலார் பொருத்தப்பட்டது. பள்ளிவாசல்களும் அதில் அடக்கம். சோலார் உள்ள பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஹவுழுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரை இரவில் போடாமல் ளுஹருக்கு முன் போடுங்கள். வீட்டுக்குக் கடன் எடுத்து சோலார் போட நினைப்பவர்கள், கையெழுத்து வைக்க முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: லைன் நின்றால் என் வீட்டில் பல்ப் எரியுமா? பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம்?

அந்தக் கிராமத்து மக்களிடம் இருந்த பழைய பற்றரியின் அருமை இப்போதுதான் நமக்கு விளங்குகிறது.