வன்னியின் மண்மேலோடும் ஆராய்ச்சி நிதியின் ஆயுளும்

மண்மேலோடு என்பது நிலத்தின் மேற்பரப்பில் சில மில்லிமீற்றர் தடிப்பில் உருவாகும் இறுகிய படை. அது இரு வழிகளில் உண்டாகிறது. மழைத்துளி மண்கட்டியை உடைக்க, பிரிந்த களித்துகள்கள் நுண்துளைகளை அடைத்து, வெயிலில் காய்ந்து இறுகுவது ஒன்று. இது பௌதிக மேலோடு. சயனோபற்றீரியா என்னும் நீலப்பச்சை அல்காக்கள், பூஞ்சண இழைகள், இலைக்கன்கள், பாசிகள் ஆகியன மணல்துகள்களைப் பிணைத்து வளர்வது மற்றது. இது உயிரியல் மேலோடு. முன்னது முளையைத் தடுக்கிறது, பின்னது மண்ணைக் காக்கிறது. விழும் மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும் என்பதில் இரண்டுக்கும் பங்குண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் காலநிலை மாற்றத்தின் தாக்கத்தை அறிய விரும்பும் எவரும் இந்தப் படையைத் தவிர்த்துவிட முடியாது. ஆனால் இலங்கையில் மண் ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கும் முறை, இதுபோன்ற மெதுவாக மாறும் பொருளைப் படிப்பதற்கு ஏற்றதாக இல்லை. நிதியின் தொகை சிறியது என்பது உண்மை. எனினும் தொகையைவிட அதன் ஆயுளே பெரிய தடை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வன்னியின் மேட்டுநிலங்களில் பெருமளவு காணப்படுவது செங்கபில மண். எஃப். ஆர். மூர்மனும் சி. ஆர். பானபொக்கேயும் 1961இல் வெளியிட்ட இலங்கை மண் வகைப்படுத்தலில் உலர் வலயத்தின் தலையாய மண் இதுவே. சரிவின் மேற்பகுதியில் இது நன்கு வடியும். பள்ளத்தை நோக்கி இறங்க இறங்க வடிகால் குறைந்து, இறுதியில் நெல்வயலின் சாம்பல்நிறக் களியாக மாறும். வடமேற்கே முழங்காவில், பூநகரிப் பக்கம் மணற்பாங்கான சிவப்பு மஞ்சள் லற்றசோலும், முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடல்மணலும் உள்ளன. செங்கபில மண்ணில் சேதனப் பொருள் குறைவு. நனைந்தால் மண்கட்டிகள் எளிதில் குலையும். காய்ந்தால் மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றோடு வந்துவிடுகிறது. யூன் முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீச நிலம் வெடிக்கக் காய்கிறது. மேலோடு உருவாவதற்கு வேண்டிய இரண்டும், அதாவது கொட்டும் மழையும் நீண்ட வெயிலும், ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்கின்றன.

மானாவாரியாக எள்ளு விதைத்த நிலத்தில் விதைப்புக்கு மறுநாள் கனமழை பெய்து, பின்னர் மூன்று நாள் வெயில் எறித்தால் விளைவு கண்கூடாகத் தெரியும். நிலம் பூசி மெழுகியதுபோல் மழமழப்பாகி, சிறு பலகோணங்களாக வெடித்து, ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒரு துண்டைக் கத்திமுனையால் நெம்பி எடுத்தால் அடியில் வெளிறிய தண்டுகள் வளைந்து படுத்திருப்பதைக் காணலாம். கச்சான் முளை பருமனானது. பல முளைகள் சேர்ந்து ஓட்டைத் தூக்கிவிடுவதுண்டு. எள்ளுக்கு அந்த வலு இல்லை. கமக்காரர் மறுபடி விதைக்க வேண்டும், அல்லது அந்தப் போகத்தைக் கைவிட வேண்டும். இதே நிலத்தின் உழாத வரம்போரத்தில், பற்றைகளுக்கிடையே, கருமையான வேறொரு ஓடு இருக்கலாம். அதைப் பெயர்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் மெல்லிய இழைகள் தொங்கும்; ஒவ்வோர் இழையிலும் மணல்மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தபோது செத்ததுபோல் கிடக்கும் இந்த உயிர்கள் நனைந்த சில நிமிடங்களிலேயே சுவாசிக்கத் தொடங்குகின்றன. இதை மழைக்காலத்தில் வழுக்கும் பாசியென்றே பலரும் கண்டு கடந்துபோகிறார்கள்.

பௌதிக மேலோட்டை வெறும் கேடாகவும் உயிரியல் மேலோட்டை வெறும் நன்மையாகவும் பிரித்துவிடுவது வன்னிக்குப் பொருந்தாது. காரணம் குளங்கள். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவும், பாலியாற்றின் வவுனிக்குளமும், முத்தையன்கட்டும், வவுனியாவில் தொடராக அமைந்த எண்ணற்ற சிறுகுளங்களும் நிரம்புவது வழிந்தோடி வரும் நீரால்தான். நீரேந்து பகுதியின் மேற்பரப்பு இறுகியிருந்தால் நீர் விரைந்து குளத்தைச் சேர்கிறது. மேட்டுநிலப் பயிருக்கு அதே நீர் இழப்பு. மேற்பரப்பு கிளறப்பட்டிருந்தால் முதல் மழை மண்ணுக்குள் இறங்கலாம். ஆனால் அடுத்த கனமழை அந்த மண்ணையே அரித்துக் குளத்தில் வண்டலாகக் கொட்டும். பிணைப்புள்ள உயிரியல் ஓடு நீரை விட்டு மண்ணைப் பிடித்து வைக்கக்கூடும். சில இடங்களில் அது ஊடுவடிதலைக் கூட்டுகிறது, சில இடங்களில் குறைக்கிறது. குளத்துக்கும் மேட்டுக்கும் இடையே நீரைப் பங்கிடுவதில் இந்தப் படைக்கு உள்ள இடத்தை வயலில் அளந்துதான் அறிய வேண்டும், ஊகத்தால் நிரப்ப முடியாது.

காலநிலை மாற்றம் இந்தப் பங்கீட்டை இரு முனையிலும் அசைக்கிறது. வளிமண்டலம் சூடாகும்போது அது தாங்கும் நீராவி கூடி, கனமழை மேலும் கனக்கிறது. துளியின் மோதல் வலுக்கும்போது பௌதிக மேலோடு விரைவில் உருவாகும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளமும், 2020 டிசம்பரில் வன்னியைக் கடந்த புரெவிப் புயலும் அத்தகைய மழையின் வன்மையைக் காட்டின. மறுமுனையில் 2016–17 வறட்சி போன்ற நீண்ட உலர்காலங்கள் உயிரியல் ஓட்டைச் சோதிக்கின்றன. இங்கே சராசரி மழைவீழ்ச்சியைப் பார்த்து முடிவு கட்டுவது பிழையாகும். அமெரிக்காவின் கொலராடோ மேட்டுநிலத்தில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2012இல் வெளியானது. கோடையில் 1.2 மில்லிமீற்றர் அளவான சிறுமழையை அடிக்கடி பெய்வித்தபோது, நிலத்தின் ஏறத்தாழ 25 சதவீதத்தை மூடியிருந்த பாசி ஒரே வளர்பருவத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. நனையும் ஒவ்வொரு முறையும் பாசி விழித்துச் சுவாசித்துச் சேமிப்பைச் செலவிட்டது, ஈட்டுவதற்குள் காய்ந்துவிட்டது. வன்னியின் உலர் மாதங்களிலும் இத்தகைய தூறல்கள் உண்டு. இங்குள்ள சயனோபற்றீரியாக்கள் அவ்வாறே நலியுமா, தாங்குமா என்பதற்கு கொலராடோவின் பாசி விடை சொல்லாது.

உலக அளவில் உயிரியல் மேலோடு நிலப்பரப்பின் ஏறத்தாழ 12 சதவீதத்தை மூடியுள்ளது என்றும், காலநிலையும் நிலப் பயன்பாடும் மாறுவதால் 65 ஆண்டுகளுக்குள் அதில் 25 முதல் 40 சதவீதம் வரை இழக்கப்படலாம் என்றும் 2018இல் ஒரு பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. நிலம், பாறை, மரப்பட்டை ஆகியவற்றின் மேல் வாழும் இத்தகைய உயிர்ப்படைகள் நிலத்தில் நிகழும் உயிரியல் நைதரசன் பதித்தலில் ஏறத்தாழப் பாதியைச் செய்கின்றன என்பது 2012ஆம் ஆண்டின் மற்றொரு கணிப்பு. இவற்றுக்கு ஆதாரமான தரவுகளில் பெரும்பகுதி அமெரிக்கா, ஸ்பெயின், சீனா, இஸ்ரேல், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பாலைகளிலிருந்தும் அரைப்பாலைகளிலிருந்தும் வந்தது. பருவக்காற்றில் ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெற்று, பிறகு மாதக்கணக்கில் காயும் நிலங்கள் அந்த வரைபடங்களில் மங்கலாகவே உள்ளன. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வன்னி வறண்ட நிலம் என்ற வரையறையின் விளிம்பில் நிற்கிறது. யூலை மாதத்தில் முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானில் நின்று பார்ப்பவருக்கு அந்த வரையறையில் நம்பிக்கை இராது.

இத்துறையில் இலங்கை வெறுங்கையோடு இல்லை. எஃப். ஈ. பிரிட்ச் இலங்கையில் சேகரித்த அல்காக்களைக் கொண்டு 1907இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பவலயத்தில் நிலத்தின்மேல் வாழும் அல்காக்களின் சூழலியலுக்கு முன்னோடியான ஆக்கம். இந்தியாவில் பி. கே. டே 1939இல் நெல்வயல் நைதரசனில் நீலப்பச்சை அல்காவின் பங்கை எடுத்துக்காட்டினார், ஆர். என். சிங் 1950இல் உவர்நிலத்தை அதே அல்காவால் மீட்கும் வழியை முன்வைத்தார். இலங்கையில் எஸ். ஏ. குலசூரியவும் பின்னர் கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் காமினி செனவிரத்னவும் நைதரசன் பதிக்கும் நுண்ணுயிர்களையும் உயிர்ப்படல உரத்தையும் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர். இந்தப் பணிகளின் கண் பெரும்பாலும் நீர் நின்ற நெல்வயலையும் உரத்தையும் நோக்கியிருந்தது. மேட்டுநிலத்துக் காய்ந்த ஓட்டை நோக்கி அதைத் திருப்புவதற்குப் புதிய அறிவியல் தேவையில்லை, பொறுமையான நிதி தேவை.

இலங்கை ஆராய்ச்சிக்கும் விருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 0.1 சதவீதத்தை ஒட்டியே நெடுங்காலம் நின்றுவருகிறது. உலகச் சராசரி 2 சதவீதத்துக்கு அண்மையானது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியபோது உபகரணமும் இரசாயனமும் இறக்குமதி செய்வதே அரிதாயிற்று. தேசிய விஞ்ஞான மன்றம், பல்கலைக்கழகங்களின் உள்ளகக் கொடைகள் போன்ற வழிகளில் வரும் போட்டிக் கொடைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு, மிஞ்சினால் மூன்று ஆண்டுகளுக்கு உரியவை. முதல் ஆண்டு கொள்முதலில் கழியும். இரண்டாம் காலபோகம், அதாவது மழைக்காலப் பயிர்ப்போகம், முடிவதற்குள் முதுமாணி மாணவரின் ஆய்வேடு எழுதப்பட்டாக வேண்டும். இரண்டு போகத்தில் ஒன்று வெள்ளமாகவும் மற்றது வறட்சியாகவும் அமைந்தால், கிடைக்கும் தரவு அந்த இரு ஆண்டுகளைப் பற்றியதாகவே இருக்கும். உயிரியல் மேலோடு குலைந்தபின் மீள்வதற்கு ஆண்டுகள், சில வகைகளுக்குப் பத்தாண்டுகள் பிடிக்கும். மூன்றாண்டுக் கொடை அந்த மீட்சியின் தொடக்கத்தை மட்டுமே காணும்.

பெரிய பணம் வேறு வடிவத்தில் வருகிறது. உலர் வலயச் சிறு விவசாயிகளின் நீர் முகாமைக்கென பசுமைக் காலநிலை நிதியம் 2016இல் ஏறத்தாழ 38 மில்லியன் டொலரை ஒதுக்கியது. வவுனியாவுக்கும் மன்னாருக்கும் நீர்தரும் மல்வத்து ஓயா, அதாவது அருவி ஆற்றுப் படுகையும் அதில் அடங்கும். உலக வங்கியின் 125 மில்லியன் டொலர் காலநிலைசார் நீர்ப்பாசன விவசாயத் திட்டம் 2019இல் ஒப்புதல் பெற்றது. வட மாகாணமும் அதன் எல்லைக்குள் வந்தது. இவற்றால் குளங்கள் புனரமைக்கப்பட்டன, கட்டுகள் உயர்ந்தன. அது அவசியமான வேலை. ஆயினும் குளத்துக்கு நீர் தரும் நிலத்தின் மேற்பரப்பை ஆண்டுதோறும் அளப்பதற்கு அத்தகைய திட்டத்தின் மிகச் சிறு பங்கே போதும். கட்டடத்துக்கும் இதுவே பொருந்தும். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்து, போருக்குப் பின் கிளிநொச்சி அறிவியல்நகருக்குத் திரும்பியது. அங்கே ஜப்பானிய அரசின் நன்கொடையில் ஆராய்ச்சி, பயிற்சித் தொகுதி எழுந்தது. கட்டடத்துக்கு நன்கொடையாளர் கிடைத்துவிடுகிறார். அதற்குள் இருபது ஆண்டு ஒரே நிலத்தை அளக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் சம்பளத்துக்குத்தான் எவரும் முன்வருவதில்லை.

வறிய நாடு விதைக்கும் எருவுக்கும் போக வேண்டிய பணத்தை பாசிக்குச் செலவிடலாமா என்ற எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கது அல்ல. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது, இடைப்பட்ட மாதங்களில் கமக்காரர் அடைந்த இழப்பு மிகப் பெரியது. மேலோட்டின் நைதரசன் அந்த இழப்பை ஈடுசெய்திருக்கும் என்று எவரும் கூற முடியாது. அதன் அளவு பயிரின் தேவைக்கு முன் சிறியது. ஆனால் எந்த மண் தானாக எவ்வளவு தரும், எது தராது என்ற உள்ளூர் அளவீடு கையில் இருந்திருந்தால், நாடு முழுவதற்கும் ஒரே ஆணை என்ற முடிவை எதிர்க்க வலுவான ஆதாரம் இருந்திருக்கும். செயற்கைக்கோள் படங்கள் போதுமே என்பது இன்னொரு வாதம். காலபோகத்தில் வன்னியின் வானம் முகிலால் மூடியிருக்கும். ஓட்டின் வகையைப் படத்தில் பிரித்தறியவும் தரையில் எடுத்த அளவீடே சான்றாக வேண்டும்.

நீண்டகால ஆய்வுக்குப் பெருந்தொகை தேவையில்லை என்பதற்கு கோயம்புத்தூர் நல்ல சான்று. அங்கே 1909இல் தொடங்கிய நிரந்தர உரச்சோதனை நூறாண்டைத் தாண்டியது. அது ஒரு திட்டக் கொடையின் ஆயுளோடு முடிந்துவிடவில்லை. செம்மண்ணின் மேல் இறுக்கத்துக்குச் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம், தென்னைநார்க் கழிவு மட்கு ஆகியவற்றை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அவை செங்கபில மண்ணில் எத்தனை போகம் பலன் தரும் என்பதும் இத்தகைய நிலையான பாத்திகளில்தான் தெரியவரும்.

வன்னிக்கே உரிய ஒரு வாய்ப்பும் உண்டு. அது ஆண்டுதோறும் சுருங்கிவருகிறது. கிளிநொச்சி மாவட்டத்துப் பச்சிலைப்பள்ளியின் முகமாலை 2000 முதல் 2009 தொடக்கம் வரை போர்முனையாக இருந்தது. அதன்பின்னும் கண்ணிவெடி காரணமாக நீண்டகாலம் மனிதர் கால்படாது கிடந்தது. கண்ணிவெடி அகற்றுவோர் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறித் தேடுவதால் அங்கிருந்த மேற்பரப்பு முற்றாகக் குலைகிறது. நிலம் விடுவிக்கப்படும் திகதி ஒவ்வொரு துண்டுக்கும் பதிவாகிறது. வெவ்வேறு ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டு, இன்னும் உழப்படாத துண்டுகளை அடுத்தடுத்து அளந்தால், குலைந்த மேலோடு மீளும் வேகத்தை இருபது ஆண்டு காத்திராமலே மதிப்பிடலாம். எளிதில் கிடைக்காத காலத்தொடர் இது. மீள்குடியேறியோர் அந்த நிலத்தை உழுது பயிரிடுவது அவர்களின் உரிமை. ஆகவே அளவீடு அவர்களின் உழவுக்கு முன், அவர்களின் இசைவோடு நடக்க வேண்டும்.

இதற்கு வேண்டிய அமைப்பு எளிமையானது. செங்கபில மண்ணில் இரண்டு, லற்றசோலில் ஒன்று, கரையோர மணலில் ஒன்று என நிலையான ஆய்வுத்தளங்கள் போதும். ஒவ்வொன்றிலும் உழுத பாத்தி, பட்டிமாடு மேயும் பாத்தி, வேலியிட்ட பாத்தி ஆகியன அருகருகே இருக்க வேண்டும். தானியங்கி மழைமானி, இரும்பு வளையத்தில் நீர் இறங்கும் நேரம், மேற்பரப்பின் இறுக்கம், வழிந்த நீரோடு வந்த மண்ணின் எடை, நுணுக்குக்காட்டியில் உயிரினங்களின் கணக்கு ஆகியவை ஆண்டுக்கு இரு முறை, காலபோகத் தொடக்கத்திலும் சோளகத்தின் முடிவிலும் பதிவாக வேண்டும். பொறுப்பு அறிவியல்நகரிலுள்ள விவசாய பீடத்திடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவிடமும், விவசாயத் திணைக்களத்திடமும் கூட்டாக இருக்கலாம். நிதி வட மாகாணத்தில் நடைபெறும் ஒவ்வொரு நீர்ப்பாசனத் திட்டத்திலிருந்தும் நிரந்தர வைப்பாக ஒதுக்கப்பட்டு, அதன் வட்டியிலிருந்து சம்பளமும் பராமரிப்பும் நடக்க வேண்டும். முதலைத் தொடக்கூடாது என்பது உடன்படிக்கையிலேயே எழுதப்பட வேண்டும். தரவுகள் ஆண்டுதோறும் திறந்த பதிவாக வெளிவந்து, அந்தந்தப் பகுதிக் கமநல சேவை நிலையங்களுக்குத் தமிழில் சென்றால், எந்த மேட்டில் எள்ளை மழைக்கு முன் விதைப்பது, எந்த நீரேந்து பகுதியைக் கிளறாமல் விடுவது என்ற முடிவுகளைக் காலபோகக் கூட்டத்திலேயே எடுக்கலாம்.