உபகாரச் சம்பளம் முதல் கல்விக் கடன் வரை

சென்ற ஜூன் மாதம் நம் சங்கத்தின் கல்வி நிதிக் குழுவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுத்தர வயதுள்ள ஓர் அம்மாள் வந்தார். "எங்காத்துக்குப் பக்கத்துல ஒரு பையன் இருக்கான், மாமா. காலேஜ்ல எடம் கிடைச்சிருக்கு. அவனுக்கு ஒரு ஃபாரம் வேணும்" என்றார். கொடுத்தேன். வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "இதுல கொடுக்கிற பேரெல்லாம் பத்திரிகையில போடுவேளா?" என்று கேட்டார்.

போடமாட்டோம் என்று சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் யார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஃபாரம் பூர்த்தியாகித் திரும்பி வரவில்லை.

குழுவில் இதைச் சொன்னபோது, "கேட்க மனமில்லாதவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?" என்றார் ஓர் அன்பர். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் படிப்புக்காக உதவி கேட்பது எப்போது தலைகுனிவாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

என் தகப்பனார் காலத்தில் ஸ்காலர்ஷிப்புக்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர். படிக்கிற பையனுக்குச் சம்பளம். படிப்பதே ஒரு வேலை, அதற்கு ஊரோ சர்க்காரோ கொடுக்கும் கூலி என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அது கிடைக்காதவர்களுக்கு வாரச் சாப்பாடு இருந்தது. திங்கட்கிழமை வக்கீல் வீடு, செவ்வாய்க்கிழமை டாக்டர் வீடு என்று ஏழு வீடுகளில் முறை வைத்துச் சாப்பிட்டுப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் நம் முன்னோரில் பலர். நம் அங்கத்தினர் குடும்பங்களில் அப்படி ஒரு தாத்தாவாவது இல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் அதை மறைக்கவில்லை. எந்த வீட்டில் எந்தக் கிழமை என்ன கறி என்பதுவரை பேரன்களிடம் சொன்னார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் தெரிந்த பெயர் ஸ்ரீநிவாச ராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர் உதவி கேட்டு அலைந்த கதையை அவ்வளவாகப் பேசுவதில்லை.

தந்தை கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், வெளியூர் மாணவர்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டும் குடும்பத்துக்குச் சிறிது சேர்த்தார். 1904ல் ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் மற்றப் பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய், அதாவது தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம். கோமளத்தம்மாள் நேரே கல்லூரி முதல்வரிடம் போய், கணக்கில் இவனுக்கு நிகரானவன் யார் என்று வாதாடினார். முதல்வர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்; விதி விதிதான் என்று அனுப்பிவிட்டார். 1905ல் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பின்பு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தேறவில்லை.

1910ன் இறுதியில் நெல்லூர் கலெக்டராக இருந்த திவான் பகதூர் ராமச்சந்திர ராவைக் கையில் நோட்டுப் புத்தகத்துடன் போய்ப் பார்த்தார். ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்து வந்தார். ஓராண்டு சென்றதும், ஒருவருக்குப் பாரமாக நெடுநாள் இருக்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். தான் எஃப்.ஏ. வரை படித்ததையும், சந்தர்ப்பங்கள் மேலே படிக்க இடம் கொடுக்கவில்லை என்பதையும் அதில் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். மார்ச் 1ந் தேதி 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

மறு ஆண்டு பிப்ரவரியில், இந்திய வானிலை இலாகாவின் தலைவரும் கணித மேதையுமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் கணக்குகளை அவருக்குக் காட்டினார்கள். அவர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, இவருக்கு உதவி செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அங்கேயும் ஒரு விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கே உரியது, ராமானுஜனோ எஃப்.ஏ. கூடத் தேறாதவர். 1913 ஏப்ரலில் சிண்டிகேட் கூட்டத்தில் ஹைகோர்ட் நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர், பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையையே எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமைகளுள் ஒன்று என்றார். மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உபகாரச் சம்பளம் அனுமதியாயிற்று. நிபந்தனை ஒன்றே: மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு விதி ஒரு மாணவனை வெளியே தள்ளியது. சென்னையில் விதி எதற்காக ஏற்பட்டது என்று ஒருவர் நினைத்துப் பார்த்ததால் அதே மாணவன் உள்ளே வந்தான். முப்பத்தைந்து வருஷம் விதிப் புத்தகத்துடன் காலம் தள்ளிய எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிறிது உறுத்தல் ஏற்படும்.

அதே 1913ல் இன்னொரு மாணவரும் உதவி பெற்றார். பரோடா மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், டாக்டர் அம்பேத்கருக்கு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அளித்தார். படித்துத் திரும்பியதும் பரோடா சமஸ்தானத்தில் பத்து ஆண்டுகள் பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தம். தீண்டாமையின் கொடுமையால் அவரால் அங்கே நெடுநாள் வேலை பார்க்க முடியவில்லை என்பதை நாம் வெட்கத்துடன் நினைவுகூர வேண்டும். உதவி கேட்க நாம் தயங்குவது கௌரவத்தை எண்ணி. வாசலுக்கே வரவிடாமல் தடுக்கப்பட்டவர்களின் கஷ்டம் வேறு ரகம். பட்டியல் இன மாணவர்களுக்கு மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படிக்க மத்திய சர்க்காரின் உதவித்தொகை 1944ல்தான் ஆரம்பமாயிற்று.

தானம், ஒப்பந்தம் இவற்றைத் தவிர மூன்றாவது வழியும் உண்டு. பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாடா 1892ல் ஒரு நிதியை ஏற்படுத்தி, மேல்நாடு சென்று படிக்க விரும்புவோருக்குக் கடனாகவே பணம் கொடுத்தார். முதலில் பார்சிகளுக்கு என்று இருந்ததை 1894ல் எல்லா இந்தியருக்கும் திறந்துவிட்டார். வாங்கியவர் திருப்பிக் கட்டுவார்; அந்தப் பணம் அடுத்தவருக்குப் போகும். வாங்கினவருக்கும் தலை நிமிர்வு, நிதிக்கும் ஆயுள். அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா லண்டனில் படித்தது டாடா ஸ்காலராகத்தான். பிற்காலத்தில் ஜனாதிபதியான கே.ஆர். நாராயணன் 1945ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குச் சென்றதும் டாடா உதவியால். அந்த நிதி இன்றும் நடந்து வருகிறது.

சுதந்திரத்துக்குப் பின் மத்திய சர்க்கார் 1961ல் தேசிய ஸ்காலர்ஷிப் திட்டத்தையும், 1963ல் தேசியக் கடன் ஸ்காலர்ஷிப் திட்டத்தையும் தொடங்கியது. இரண்டாவது, டாடா முறையைப் போன்றது. வட்டி கிடையாது. மாணவனும் ஜாமீன்தாரரும் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு தவணையில் கட்ட வேண்டும். ஆசிரியப் பணிக்குப் போகிறவருக்கு ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்ற அழகான சலுகையும் அதில் இருந்தது.

இங்கே என் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1968லிருந்து 1971 வரை நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தது இந்தக் கடனில்தான். பள்ளி ஆசிரியரான என் தகப்பனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வேலை கிடைத்து வடக்கே வந்தேன். கல்யாணம், மாற்றல், குழந்தைகள் என்று காலம் ஓடியது. மொத்தக் கடனும் என் ஆரம்பச் சம்பளத்தில் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். கட்டவில்லை. யாரும் கேட்கவில்லை, சர்க்கார் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டுகளில் சர்க்காருக்கு வரவேண்டிய பாக்கிகளை வசூலிக்கும் பிரிவிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா காலமான பின் அவருடைய டிரங்குப் பெட்டியைப் பிரித்தோம். துணியில் சுற்றிய ஒரு கட்டில் டிரஷரி சலான்கள் இருந்தன. கிராமத்து விலாசத்துக்கு வந்த நோட்டீஸ்களும் அவற்றோடு இருந்தன. என் கடன் முழுவதையும் தன் பென்ஷனிலிருந்து சிறுகச் சிறுக அவரே கட்டி முடித்திருக்கிறார். எனக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசிச் சலானின் பின்புறம் 'தீர்ந்தது' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்.

எல்லோருக்கும் அப்படி ஒரு தகப்பனார் வாய்க்கவில்லை. கடன் ஸ்காலர்ஷிப் திட்டத்தில் வசூல் மிகவும் மோசமாக இருந்தது. 1991ல் திட்டம் நின்றது. வாங்கியவர்கள் கட்டாததால், அடுத்து வந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. வாங்கிய நாளில் என்னுள் இருந்த வெட்கம், கட்டாமல் இருந்த நாட்களில் எங்கே போயிற்று என்பதுதான் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி.

அதன் பிறகு இந்தப் பொறுப்பு வங்கிகளிடம் போயிற்று. கனரா வங்கியின் தலைவராக இருந்த ஆர்.ஜே. காமத் தலைமையில் அமைந்த குழுவின் யோசனைப்படி இந்திய வங்கிகள் சங்கம் 2001ல் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஒன்றை வகுத்தது. நாலு லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் வேண்டாம் என்றது பெரிய மாறுதல். 2009ல், பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு மிகாதவர்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. 2015 ஆகஸ்ட் 15ல் வித்யாலக்ஷ்மி என்ற இணையதளம் வந்தது. 2024 நவம்பரில் பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. தரவரிசையில் தேர்ந்த கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஜாமீன் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை இருந்தால், பத்து லட்சம் வரையுள்ள கடனுக்குப் படிப்புக் காலத்தில் மூன்று சதவிகித வட்டிச் சலுகை. பன்னிரண்டாம் வகுப்பில் தத்தம் போர்டில் முதல் இருபது சதவிகிதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் மாணவர்களுக்கு 2008 முதல் மத்திய ஸ்காலர்ஷிப்பும் உண்டு. பட்டப் படிப்புக்கு இப்போது ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேசிய ஸ்காலர்ஷிப் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

"நமக்கெல்லாம் ஒன்றும் கிடையாது" என்று நம்மவர்கள் விண்ணப்பிக்காமலேயே சொல்வதைக் கேட்கிறேன். மேலே சொன்ன இரண்டிற்கும் வருமானமும் மதிப்பெண்ணும் கல்லூரியும்தான் அளவுகோல். கெடு தேதியைத் தவறவிட்டுவிட்டுக் காலத்தைக் குறை சொல்வதில் பயன் இல்லை.

நம் சங்கத்துக்கும் இதில் பாடம் உண்டு. குழுவின் முன் நான்கு யோசனைகளை வைத்திருக்கிறேன். விண்ணப்பங்களைச் செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும் மட்டுமே பார்க்க வேண்டும். ஆண்டு விழா மேடையில் காசோலை கொடுத்துப் புகைப்படம் எடுப்பதை விட்டுவிட வேண்டும். விதிக்குள் வராத ஒரு பையனோ பெண்ணோ வந்தால், விதி எதற்காக எழுதப்பட்டது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். உதவி பெற்றவர்கள் சம்பாதிக்கத் தொடங்கியதும், கட்டாயம் இல்லாமல், தாங்கள் பெற்ற தொகையையாவது நிதிக்குத் திருப்பித் தரும்படி கேட்க வேண்டும். என் பங்காக, அப்பா கட்டி முடித்த கடனை இன்றைய மதிப்பில் கணக்கிட்டு நிதியில் சேர்த்துவிட்டேன். ஐம்பது வருஷம் தாமதம்.

ராமானுஜன் கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் சென்றபோது சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் பெற்றோருக்குப் போக ஏற்பாடு செய்தார். 1919 ஜனவரி 11ந் தேதி, லண்டனில் ஒரு நர்ஸிங் ஹோமில் உடல்நலம் குன்றியிருந்த நிலையில், பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்கு மேலும் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்ததற்கு நன்றி சொல்லி, அது தன் தேவைக்கு மிஞ்சியது என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போகட்டும். தன் அவசியச் செலவுக்குப் போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26ல் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

32 ரூபாய் கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டவர் அவர். நோட்டுப் புத்தகத்துடன் கலெக்டர் வீட்டு வாசலில் நின்றபோதும், மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எழுதியபோதும் அவர் ஒரே மனிதர்தான். கேட்டதில் அவர் குறைந்துவிடவில்லை.

ஜூன் மாதம் வந்த அந்த அம்மாள் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும். ஃபாரம் மடிப்புக் கலைந்திருந்தாலும் பரவாயில்லை. பெயர் போடமாட்டோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் இருப்பேன்.