தாத்தா பெயரில் ஒரு சலுகை

மென்பொருள் வேலையில் அடிக்கடி காதில் விழும் சொல் 'கிராண்ட்ஃபாதர்டு இன்'. விலையை ஏற்றிய பிறகும் பழைய வாடிக்கையாளருக்குப் பழைய விலையே என்றால் இப்படிச் சொல்வோம். இதில் தாத்தா எங்கே வந்தார்னு தேடிப் பார்த்தேன்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1898இல் புதிய அரசியல் சட்டம் எழுதியது. ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரியணும், இல்லைன்னா 300 டாலர் சொத்து இருக்கணும். அப்படின்னா ஏழை வெள்ளையர்களும் மாட்டிக்கொள்வார்களே? அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும், அவர்களுடைய மகன், பேரன்களுக்கும் விலக்கு.

சூட்சுமமே அந்தத் தேதிதான். அன்றைக்கு அங்கே கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையே கிடையாது. அந்த விலக்கு விதியில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தாத்தாவே போதுமாக இருந்தார். 1896இல் 1,30,000க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1900இல் சுமார் 5,300 ஆனார்கள்.

ஓக்லஹோமாவின் இதே போன்ற விதி தொடர்பான வழக்கில், இப்படிப்பட்ட விலக்கு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்தது. விதி போயிடுச்சு, சொல் மட்டும் தங்கிவிட்டது.

அர்த்தம் தெரிந்திருந்தால் கூட்டத்தில் குழப்பம் வராது. எழுதும்போது நான் 'லெகசி வாடிக்கையாளர்' என்றே போடுகிறேன். எந்தச் சலுகையிலும் 'இந்தத் தேதிக்கு முன்' என்று பார்த்தால், அந்தத் தேதி யாரை வெளியே நிறுத்துது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.