அரசு குற்றவியல் வழக்கறிஞர் (தென்காசி மாவட்டம்)

குற்ற வழக்குகளில் அரசின் சார்பாக நியாயஸ்தலத்தில் நின்று வழக்கை நடத்தும் அதிகாரி அரசு குற்றவியல் வழக்கறிஞர் எனப்படுவார். கோர்ட்டு வளாகத்தின் பேச்சு வழக்கில் அவர் 'அரசு வக்கீல்', சுருக்கமாக 'பி.பி.'. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்களில் இதே கடமையை ஆற்றுபவரை வாக்காளரே தேர்ந்தெடுக்கின்றனர். ஆகவே அந்நாட்டில் அப்பதவியை விரும்புகிறவர், தாம் வந்தால் எக்குற்றங்களில் கடுமை காட்டுவேன், எவற்றில் ஜாமீன் தொகை கேட்கமாட்டேன் என்று ஊரறியச் சொல்லி வாக்குக் கேட்கிறார். தென்காசியிலோ இந்தியாவின் பிற மாவட்டங்களிலோ இப்பதவிக்கு வேட்பாளர் என்று எவருமில்லை, அரசே நியமிக்கிறது. ஆதலால் இங்கே இப்பதவியின் சீர்திருத்தம் நியமன முறையிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.

மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாயின் மகளான கமலா ஹாரிஸ் 2003-இல் சான் பிரான்சிஸ்கோவில் இவ்வாறு தேர்தலில் வென்று, மரண தண்டனை கோருவதில்லை என்ற தம் வாக்குறுதியை, மறு ஆண்டே ஒரு போலீஸ் அதிகாரி கொலையுண்ட வழக்கில் எழுந்த பெரும் எதிர்ப்புக்கிடையிலும் காத்தார். அதே நகரில் 2019-இல் சீர்திருத்தம் பேசி வென்ற செசா பூதின் என்பவரை 2022 ஜூனில் வாக்காளரே திரும்ப அழைத்துக்கொண்டனர். தேர்தல் முறையின் பலமும் பலவீனமும் இவ்விரு சம்பவங்களிலேயே அடங்கும்; கோபங்கொண்ட ஜனத்திரளுக்கு அஞ்சி வழக்கு நடத்தும் வக்கீலும் ஆபத்தானவரே என்பதால், அம்முறையை நாம் அப்படியே விரும்பத்தக்கதாகக் கருதுவதற்கில்லை.

தென்காசி 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கெல்லையிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரையில் திருவிதாங்கூரையும் பின் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தமையால், குற்றாலத்து அருவிக்கரையில் நிகழும் குற்றமும் சில மைல் தள்ளி நிகழும் குற்றமும் வெவ்வேறு ராஜ்யங்களின் நியாயஸ்தலங்களுக்குச் சென்ற காலம் ஒன்றிருந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் மாண்டபின் தொடரப்பட்ட சதி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் விசேஷ அமர்வில் விசாரிக்கப்பட்டது. அவ்வமர்வின் நீதிபதிகள் மூவருள் ஒருவரான சங்கரன் நாயர், முன்னர் அதே மாகாணத்தின் அரசு வழக்கறிஞராயிருந்தவர்.

நியமனத்துக்கு வருவோம். 1974 ஏப்ரல் 1 முதல் அமலிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தைப் பெற்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவும் விதிப்பது இது: மாவட்ட ஆட்சியர் அமர்வு நீதிபதியைக் கலந்து தகுதியுடையோர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும், ஏழாண்டுகளேனும் வக்கீல் தொழில் நடத்தியவராக இருக்க வேண்டும், பட்டியலில் இல்லாதவரை அரசு நியமிக்கலாகாது. கீழேயுள்ள நடுவர் நீதிமன்றங்களின் உதவி அரசு வழக்கறிஞர்களோ அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி நிரந்தர உத்தியோகத்துக்கு வருபவர்கள். ஆக, திருட்டு வழக்கை நடத்துபவர் பரீட்சையில் தேறியும், கொலை வழக்கை நடத்துபவர் ஆளுங்கட்சியின் அபிமானத்தைப் பெற்றும் வருகிறார் என்று வக்கீல்களே தமக்குள் சொல்லிக்கொள்ளும் விசித்திர நிலை ஏற்பட்டிருக்கிறது. ஆட்சி மாறியதும் அரசு வக்கீல்களும் கூட்டமாக மாறுவதைக் கண்டவர் இதை மிகையென்று சொல்லமாட்டார். பஞ்சாப், அரியானா மாநிலங்களைப் பற்றிய வழக்கொன்றில் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அரசின் வழக்கறிஞர்களைப் பாரபட்சமற்ற, நியாயமான தேர்வுமுறை வழியாகவே அமர்த்த வேண்டும் என்று வகுத்துரைத்தது.

இக்குறைபாடு எத்துணைத் தூரம் போகக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டின் சரித்திரத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. ஜெ. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில், அவர் மீண்டும் முதலமைச்சரானபின், முன்னரே சாட்சியம் அளித்திருந்த 76 பேர் குறுக்கு விசாரணைக்கென்று திரும்ப அழைக்கப்பட்டு, அவர்களுள் 64 பேர் முன் சொன்னதை மறுத்தபோது, அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கச் செய்து வினவவும் முயலவில்லை. தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகனின் மனுவின்மேல் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18-இல் வழக்கையே கர்நாடகத்துக்கு மாற்றியது. வழக்கறிஞரை அமர்த்தும் அதிகாரமும் அந்த அரசுக்குப் போயிற்று. பின்னர் அவ்வழக்கின் மேல்முறையீட்டில் தமிழ்நாட்டரசு பவானி சிங்கை அரசு வழக்கறிஞராக அமர்த்தியது செல்லாது என்று 2015 ஏப்ரல் 27-இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் உண்டா இல்லையா என்பது ஒரு புறமிருக்க, வழக்கை நடத்துபவரை யார் நியமிப்பது என்ற ஒரு வினாவே வழக்கின் கதியை எவ்வளவு நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போலீசினின்று அரசு வக்கீலைப் பிரிப்பது இரண்டாவது காரியம். எம். சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958-இல் தன் 14-ஆவது அறிக்கையிலேயே இதைச் சிபாரிசு செய்தது. 1995-இல் உச்ச நீதிமன்றமும் வற்புறுத்தியது. ஆயினும் பிரிவினை இரு பக்கமும் வெட்டும்: தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்முன் அரசு வழக்கறிஞரின் அபிப்பிராயத்தைப் பெறும்படி புலன்விசாரணை அதிகாரியைக் கட்டாயப்படுத்தலாகாது என்றது. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் தொழிலன்று. எதிரிக்குச் சாதகமான உண்மையையும் நீதிமன்றத்தின் முன் வைப்பது அவர் கடமை என்பது 1999-இல் வந்த மற்றொரு தீர்ப்பின் சாரம்.

வழக்கை வாபஸ் பெறும் அதிகாரமும் இவருடையதே. அரசு ஆணையிட்டதால் மட்டும் கையெழுத்திடாமல், தாமே யோசித்து முடிவு செய்ய வேண்டும். அண்டையிலுள்ள கேரளத்தில், 2015 சட்டசபைக் கலவர வழக்கைத் திரும்பப் பெற அந்த அரசு செய்த முயற்சியை 2021 ஜூலை 28-இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது இதற்கு அருகிலுள்ள பாடம். புதிய சட்டம் வாபஸுக்கு முன் பாதிக்கப்பட்டவரையும் கேட்கச் சொல்கிறது.

இனி ஸ்தலத்துக்குரிய ஒன்று. ஜூன் மாதம் தொடங்கும் சாரல் காலத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பல ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஜனங்கள் திரளுகின்றனர். நெரிசலில் சங்கிலியையோ பணப்பையையோ பறிகொடுத்தவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார். மாதங்கள் கழித்து சம்மன் போகும்போது, ஒரு வாய்தாவுக்காக கொல்லத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து, அன்று சாட்சி விசாரணை இல்லையென்று திரும்பிப் போக எவர் சம்மதிப்பார்? இத்தகைய சாட்சிகளை ஒலி-ஒளித் தொடர்பு மூலம் விசாரிக்கப் புதிய சட்டம் இடந்தருகிறது. அதைக் கேட்டு மனுப் போடவேண்டியவர் அரசு வழக்கறிஞரே; இவ்வூரில் அவர் செய்யத்தக்க சீர்திருத்தங்களுள் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இதுதான்.

புதிய சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மாநில இயக்ககத்தோடு மாவட்டந்தோறும் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் ஏற்படுத்த அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பத்தாண்டோ அதற்கு மேற்பட்டோ தண்டனைக்குரிய வழக்குகளை இயக்குநரும், ஏழு முதல் பத்தாண்டுக்குட்பட்டவற்றைத் துணை இயக்குநரும், அதற்குக் கீழானவற்றை உதவி இயக்குநரும் கண்காணிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மேற்பார்வை நல்லதே, ஆனால் மேற்பார்ப்பவரையும் அதே அரசு நியமிக்கையில், ஒரு படி கூடியதேயன்றி மூலக் கோளாறு தீர்ந்துவிடவில்லை. ஆட்சியரும் அமர்வு நீதிபதியும் கலந்து தயாரிக்கும் பட்டியலை வெளியிட வேண்டும் என்று பழைய சட்டமும் சொல்லவில்லை, புதிய சட்டமும் சொல்லவில்லை. வெளியிடக் கூடாதென்றும் எங்கும் விதியில்லை. ஆகையால் தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் வழக்கறிஞர்கள் அடுத்த நியமனத்துக்கு முன் அப்பட்டியலையும், அதில் ஒவ்வொரு பெயரும் இடம்பெற்ற காரணத்தையும் கோர்ட்டின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி எழுதிக் கேட்கலாம்.