பாலைநிலத்து வளவுகளில் பழமரங்கள்

அரபு நாட்டின் தென்கீழ்க் கோடியில் அமைந்தது ஓமான். அதன் உள்நாட்டுச் சமவெளிகளில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை, சராசரியாக நாலைந்து அங்குலத்துக்கு மேற்படாது. நம் நாட்டில் கார்த்திகை அடைமழை ஒரு நாளிலேயே அவ்வளவைப் பொழிந்துவிடுவதுண்டு. கோடையிலோ அங்கு வெப்பம் 45 பாகை செல்சியசையும் கடந்து செல்லும். இத்தகைய நிலத்தில் பேரீச்சை நிற்பதில் வியப்பொன்றுமில்லை. அது அந்த மண்ணின் பிள்ளை. ஆனால் மண்சுவர் சூழ்ந்த வளவுகளில் வாழையும் மாவும் தேசியும் பப்பாசியும் காய்த்து நிற்பதைக் காண்போர் வியவாதிருத்தல் அரிது. இவற்றுள் ஒன்றேனும் அந்நாட்டுக்கு உரியதன்று. யாவும் மழை வளமுள்ள நாடுகளிலிருந்து குடிபெயர்ந்தவை.

இக்குடிபெயர்வின் ஒரு பகுதிக்குப் பழைய சான்று உண்டு. அல் மசூதி என்னும் அரபு வரலாற்றாசிரியர் 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய நூலில், தோடை இனத்ததாகிய ‘நாரஞ்சு’ மரம் ஹிஜ்ரி 300ஆம் ஆண்டுக்குப் பின், அதாவது கி.பி. 912ஐ ஒட்டிய காலத்துக்குப் பின், இந்தியாவிலிருந்து கொணரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டது எனக் குறிக்கிறார். அங்கிருந்து அது பஸ்ராவுக்கும் ஈராக்குக்கும் சிரியாவுக்கும் சென்றது. எல்லைப்புற நகரங்களில் வீட்டு வளவுகள்தோறும் மலிந்தது. நாரஞ்சு என்னும் பெயர் நமது நாரத்தை என்னும் சொல்லோடு உறவுடையதென்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. மரம் போன வழியே பெயரும் போயிற்று. ஆயினும் இந்தியாவில் அதற்கிருந்த நறுமணமும் நிறமும் புதிய நாட்டில் குன்றிவிட்டன என்றும், தாய்நாட்டுக் காற்றும் மண்ணும் நீரும் இன்மையே அதற்குக் காரணம் என்றும் அவர் வருந்துகிறார். மணம் குறைந்ததைச் சொன்னவர், அந்த மரம் ஓமானின் வெயிலில் உயிர் பிழைத்தது எங்ஙனம் என்பதை அவ்விடத்திற் சொல்லவில்லை. உண்மையில் அதுவே பெரிய செய்தி.

மரங்களைக் கடல் கடத்துவதும் எளிய காரியமன்று. உண்ணும் வாழைக்கு விதையில்லை. குட்டியைத்தான் ஈரம் குன்றாமல் எடுத்துச் செல்லல் வேண்டும். மாங்கொட்டையோ உலர்ந்தால் விரைவில் உயிர் இழக்கும். பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்த கப்பல்களில், குடிநீரை அளந்து குடித்த மாலுமிகள் குட்டிக்கும் கன்றுக்கும் அந்நீரிற் பங்கு கொடுத்திருத்தல் வேண்டும். அவர்களுள் எவர் பெயரும் வரலாற்றில் இல்லை.

ஓமானின் தென்பகுதியான ஸுபார், தனி இயல்புடையது. யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் கடற்கரையில் மூடுபனியும் தூறலும் கொண்டுவரும். 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தாரே இபின் பதூதா, அவர் அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்னதாகவே ஸுபாரைக் கண்டவர். அங்கே வாழைத் தோட்டங்களையும், தென்னையையும், கொடியாகப் படர்ந்த வெற்றிலையையும் கண்டு அவர் பெரிதும் வியந்தார். வாழைப்பழமொன்றைத் தம் கண்முன்னே நிறுத்துப் பார்த்ததையும் எழுதியுள்ளார். அவர் எழுதிய இன்னொரு காட்சி அவ்வளவு இனிமையானதன்று. அவ்வூரிற் பயிருக்கு நீர் மிக ஆழமான கிணறுகளிலிருந்து வந்தது. பெரிய வாளியொன்றிற் பல கயிறுகளைப் பிணைத்து, ஒவ்வொரு கயிற்றையும் ஓர் அடிமையின் இடுப்பிற் கட்டி, ஆணும் பெண்ணுமாக அவர்கள் இழுத்து நீரைத் தொட்டியில் ஊற்றினர். துலா மிதித்து இறைத்த யாழ்ப்பாணத்தார்க்கு அவ்வுழைப்பின் கடுமையை விளக்க வேண்டியதில்லை. ஓமானில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1970இல். நம் நாட்டில் 1844இல்.

வடக்கே, ஹஜர் மலைகளின் அடிவாரத்து ஊர்களில் தூறலும் இல்லை. அங்கே பழமரங்களைக் காத்தவை இரண்டு: ஒன்று நிழல், மற்றொன்று ‘பலஜ்’ எனப்படும் நீர்க்கால்.

நிழல் பேரீச்சையினுடையது. மழை நாட்டு மரத்துக்கு வெயிலினும் கொடியது வறண்ட காற்று. அகன்ற இலையின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், வாழையிலையை நார் நாராகக் கிழிக்கும், மாம்பூவைக் கருக்கும். ஆகவே ஓமானியர் வளவை மூன்று தட்டாக அமைத்தனர். மேலே பேரீச்சை குடை விரித்து நிற்கும். அதன் கீழ் மா, வாழை, தேசி முதலியன. அவற்றின் கீழே தரையிற் கால்நடைத் தீவனமும் காய்கறியும். மேற்தட்டு வெயிலைத் தடுத்து வடித்துக் கொடுக்கும். கீழ்த்தட்டின் ஈரம் மேலெழுந்து காற்றைத் தணிக்கும். ஈச்சை அழிந்த வளவில் வாழை நெடுநாள் நில்லாது.

பலஜ் என்பது மலையடியில் உள்ள நிலத்தடி நீரைத் தேடிப் பிடித்து, நிலத்துக்கடியிலோ மேலாகவோ மெல்லிய சரிவில் ஊர்வரை ஓடச் செய்யும் கால்வாய். அதை இழுப்பதற்கு மாடும் வேண்டாம், மனிதரும் வேண்டாம்; சரிவே நீரைக் கொண்டுவரும். தாவூதின் மகன் சுலைமான் பத்து நாள் ஓமானில் தங்கி, நாளொன்றுக்கு ஆயிரமாகப் பத்தாயிரம் கால்வாய்களை பூதங்களைக் கொண்டு வெட்டுவித்தார் என்பது அந்நாட்டார் கதை. சுரங்கத்தின் இருளிற் கிடந்து அகழ்ந்தவர்களின் பெயரை மறந்தபின் பூதங்களுக்குப் புகழ் கொடுப்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே.

அந்நீரைப் பங்கிட்ட முறைதான் மிகவும் கருதற்பாலது. ஊருக்குள் நுழையும் நீர் முதலிற் குடிப்பதற்கு. பின்பு பள்ளிவாசலுக்கும் குளிப்பதற்கும். அதன் பின்பே தோட்டங்களுக்கு. தோட்டங்களிலும் நிலைத்து நிற்கும் மரங்கள் முன்னே, பருவப் பயிர்கள் பின்னே. மழை பொய்த்த ஆண்டில் பருவப் பயிரின் பரப்பைக் குறைத்து மரங்களைக் காப்பர். ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் நேரத்தால் அளக்கப்பட்டது. ‘அதர்’ என்னும் அளவு ஏறக்குறைய அரைமணி நேரம். பகலில் நட்டுவைத்த கோலின் நிழலையும் இரவில் விண்மீன்களின் எழுச்சியையும் பார்த்து முறை மாற்றினர். நள்ளிரவில் தன் முறை வந்தால் வளவுக்காரன் எழுந்து சென்று மடை திறந்தாக வேண்டும். ஒருவனுடைய மாமரம் அயலவனது நேர்மையில் தங்கியிருந்தது.

அரசரும் இதில் அக்கறை காட்டினர். 1692 முதல் 1711 வரை ஆண்ட இமாம் ஸைப் பின் சுல்தான் பழுதுபட்ட பலஜ்களைத் திருத்தியதையும், பாத்தினா என்னும் வடகரைச் சமவெளியில் ஆயிரக்கணக்கில் ஈச்சையும் தென்னையும் நடுவித்ததையும் ஓமானிய வரலாறுகள் போற்றிச் சொல்கின்றன. அவருடைய கப்பற்படையும் போர்களும் வேறு கதை.

20ஆம் நூற்றாண்டில் எண்ணெய் இயந்திரத்தால் இயங்கும் நீரிறைக்கும் பம்புகள் வந்தன. 1970க்குப் பின் மிக விரைவாகப் பெருகின. இனி முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிழற்கோலையும் விண்மீனையும் பார்க்க வேண்டியதில்லை. பாத்தினாக் கரையில் அவரவர் கிணற்றில் அவரவர் விரும்பியவாறு இறைத்தனர். முதற் சில ஆண்டுகள் பெருவிளைச்சல். ஆனால் கரையோரத்து நன்னீர் ஒரு மெல்லிய படுகை. அது வற்றுமளவுக்கு உவர்நீர் உள்ளே நகரும். சுண்ணக்கற்பாறையின் மேல் வாழும் யாழ்ப்பாணத்தாருக்கும் இத்துன்பம் அயலானதன்று. ஈச்சை உப்பை ஓரளவு பொறுக்கும். வாழையும் மாவும் தேசியும் பொறா. இலை நுனி கருகும், பூ உதிரும், பின் மரமே பட்டுப்போகும். கடலருகேயுள்ள தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. மலையிலிருந்து வரும் வெள்ளத்தைத் தடுத்து நிலத்துள் இறக்குவதற்கென அணைகள் கட்டப்பட்டன. மஸ்கத்துக்கு அருகே அல் கௌத் அணை 1985இல் எழுந்தது. சென்ற உப்பு அவ்வளவு விரைவில் மீள்வதில்லை.

உப்புக்குத் தப்பிய தேசிமரங்களை 1970களில் ஒரு நோய் பற்றியது. கிளை நுனிகளிற் சிற்றிலைகள் துடைப்பம்போற் கற்றையாக முளைக்கும்; காய் அற்றுப்போகும்; சில ஆண்டுகளில் மரம் சாகும். தத்துப்பூச்சி வழியாகவும் ஒட்டுக்கிளை வழியாகவும் பரவும் இந்நோய்க்கு மருந்தில்லை. மரத்தை வெட்டி எரிப்பதே வழி. இலட்சக்கணக்கான தேசிமரங்கள் அழிந்தன. தேசிக்காயை உப்புநீரில் அவித்து வெயிலிற் கருக உலர்த்தி, ‘லூமி’ என்ற பெயரில் வளைகுடா நாடுகளுக்கெல்லாம் கப்பலேற்றிய நாடு, பழத்தை வெளியிலிருந்து வாங்கலாயிற்று.

2006இல் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் நிஸ்வா நகரின் தாரிஸ் உள்ளிட்ட ஐந்து பலஜ்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அக்காலக் கணக்குப்படி ஓமானில் ஏறத்தாழ மூவாயிரம் பலஜ்களில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பல ஊர்களில் நிழற்கோலின் இடத்தைக் கைக்கடிகாரம் பிடித்துவிட்டது, முறை மாறவில்லை. ஈரானியச் சமையலறைகளில் உலர்ந்த தேசிக்காய்க்கு இன்றும் ‘லீமு அமானி’, அதாவது ஓமான் தேசி, என்றே பெயர். அது எந்த நாட்டு மரத்திற் காய்த்ததாயினும் சரி.